அங்கிள் என்று கூப்பிடச் சொன்னவன் நான்தான்

கதிர்,

கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை அனுப்பியிருந்தாய். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். பெரியவர்கள் பெயர் வரிசையில் உன் அம்மாவின் பெற்றோருக்குக் கீழே 'தாய்மாமன்' என்று போட்டு, ஏகாம்பரத்தின் பெயரைச் சேர்த்திருக்கிறாய். "ஓகேவாப்பா? பிரஸ்ல கேக்கறாங்க" என்று கீழே ஒரு வரி. நான் இன்னும் பதில் போடவில்லை. உன் அம்மா காலையிலிருந்து என் போனை என் முன்னால் நகர்த்தி நகர்த்தி வைக்கிறாள். "ஒரு எழுத்து போட்டா முடிஞ்சிது. அதுக்கு ஏன் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்கிறாள். பாரிவாக்கத்தில் நீ வாங்கியிருக்கும் புது ஃப்ளாட்டுக்குக் கள்ளிக்குப்பத்திலிருந்து நேரில் வந்தே சொல்லிவிடலாம். ஆனால் நேரில் பேசினால் என் குரல் உயரும். குரல் உயர்ந்தால் நீ எழுந்து வெளியே போவாய். போய் யாருக்குப் போன் போடுவாய் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நான் கொஞ்சம் நிதானமானவன் என்று ஒரு காலத்தில் சொல்வார்கள்.

உன் அம்மா இதற்குப் பெயர் பொறாமை என்கிறாள். நான் மறுக்கவில்லை. எனக்கு ஏகாம்பரத்தின் மேல் பொறாமை உண்டு, நீ நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து உண்டு. என் மனத்தில் ஆறாமல் கிடப்பவை பல. ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்துவிட்டு ஒரு கல்லூரியிலும் கால் வைக்க முடியாமல், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் போல்ட்டுக்கும் நட்டுக்கும் கடிதம் எழுதியே என் காலம் போனது. ஒரு வாக்கியத்தை ஒழுங்காக முடிக்கத் தெரியாதவர்கள் எனக்கு மேலதிகாரிகளாக வந்து, என் கடிதங்களைத் திருத்தினார்கள். அவர்களையெல்லாம் நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. ஆனால் அவர்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது பதவி. ஏகாம்பரம் எடுத்துக்கொண்டது வேறு.

நாங்கள் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தபோது அவர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தோம். அவர்கள் இந்த ஊரின் பழைய குடும்பம். சுற்றிலும் வயலாக இருந்தபோதே இருந்தவர்கள். வயல்கள் மனைகளான பிறகு அவர் ஒரு டெம்போ வைத்து ஓட்டினார். நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த சம்பளக்காரர்கள். உன் அம்மா வீட்டுக்கு ஒரே பெண், கூடப் பிறந்தவர் யாருமில்லை. குடிவந்த புதிதில் தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "அண்ணா" என்றாள். அவ்வளவுதான். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். நமக்கு அது ஒரு கூப்பிடும் முறை. மளிகைக்கடைக்காரரும் அண்ணா, ஆட்டோக்காரரும் அண்ணா. ஏகாம்பரத்துக்கு அது ஒரு நியமன உத்தரவு. அடுத்த பொங்கலுக்கு உன் அம்மாவுக்குப் புடவையும் மஞ்சள் கொத்தும் கரும்பும் மாடிப்படி ஏறி வந்தன. நான் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்து, "எதுக்கு இதெல்லாம்?" என்றேன். "தங்கச்சிக்கு செய்றேன் சார், உங்களுக்கு இன்னா?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை.

பிறகு உனக்குக் காது குத்தும் நாள் வந்தது. மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பது உனக்குத் தெரியும். மாமன் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று உன் தாத்தாவும் நானும் ஒரு வாரம் பேசினோம். கும்பகோணத்திலிருந்து அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரை வரவழைப்பது என்று முடிவு செய்தோம். அவருக்கு அன்று ரயில் தப்பியது. கோயிலில் ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார், நீ அலறிக்கொண்டிருக்கிறாய், நல்ல நேரம் முடியப்போகிறது. டெம்போவில் எங்களையெல்லாம் ஏற்றி வந்த ஏகாம்பரம் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். "மாமன் இல்லியா? நான் இன்னா செத்தா போய்ட்டேன்? தோ கீறேன்ல" என்று சொல்லிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து உன்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். உனக்கு அழுகை நின்றது. ஒரு காது குத்தி முடிந்ததும் அவர் வேட்டியை நனைத்தாய். "பார்றா, மருமவன் முத்திர குத்திட்டான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். போட்டோவில் பார், நான் மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். நீ பேசத் தொடங்கியதும் அவரை 'மாமா' என்றாய். 'அப்பா'வுக்கு முன்பே சொன்னாய் என்று உன் அம்மா சொல்வாள், அதை நான் நம்புவதில்லை. ஒரு நாள் சாயங்காலம் படியில் உட்கார்ந்து நீ மாமா மாமா என்று கீழே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாய். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு, "மாமா இல்லடா, அங்கிள். அங்கிள்னு சொல்லு" என்றேன். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. நாகரிகமாகப் பேசப் பழக்குகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மை என்னவென்றால், மாமா என்பது உறவு, அங்கிள் என்பது உறவில்லை. அங்கிள் என்றால் யார் வேண்டுமானாலும் அங்கிள். பல் டாக்டர் அங்கிள், வாட்ச்மேன் அங்கிள், எதிர்வீட்டு அங்கிள். அந்தச் சொல்லைப் போட்டு அவரை மெதுவாக வீட்டுக்கு வெளியே நகர்த்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன். படித்தவன் சண்டை போடுகிற விதம் அது. வாயால் திட்டமாட்டான், சொல்லை மாற்றுவான்.

ஏகாம்பரம் அதற்கும் மகிழ்ந்துபோனார். "அங்கிளா? சோக்கா கீது சார். அங்கிள்னா மாமாதான? இங்கிலீஷ்ல கூப்ட்டா இன்னும் கெத்து" என்றார். தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "நைனா, இன்னொருக்கா சொல்லு" என்று உன்னைச் சொல்ல வைத்தார். தெருவிலேயே இங்கிலீஷ் மருமகன் தனக்கு மட்டும்தான் இருக்கிறான் என்று பெருமை வேறு.

அந்தச் சொல்லின் வெறுமையை நானும் பிறகு அனுபவித்தேன். முடி முழுக்கக் கறுப்பாக இருந்த காலம். ஆவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறேன். கல்லூரிப் பெண் ஒருத்தி ஏறி, "அங்கிள், கொஞ்சம் உள்ள தள்ளுங்க" என்றாள். அந்த ஒரு சொல்லில் என்னைக் கிழவனாக்கி, ஓரமாக்கி, இடத்தையும் வாங்கிக்கொண்டாள். உன்னை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் போவதில்லை, ஆனாலும் மரியாதையாகச் சொல்கிறேன், நகரு. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். அவமானப்பட்டு வீட்டுக்கு வந்தாலும் உள்ளூர ஒரு திருப்தி இருந்தது. என் மகன் ஏகாம்பரத்தை இந்தச் சொல்லால்தானே கூப்பிடுகிறான்.

ஆனால் நீ அதைச் சொல்லும் விதம் வேறாக இருந்தது. ஏரிக்கரையில் சைக்கிள் பழகிய நாட்களில், நான் வேலை முடிந்து வரும் வழியில், அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் வண்டியை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அவர் பின்னால் ஓடி வருகிறார். நீ திரும்பிப் பார்க்காமல், "அங்கிள், புடிச்சிகினு கீறியா?" என்கிறாய். "புடிச்சிகினுதான் கீறேன், நீ மிதி" என்கிறார், எப்போதோ கையை விட்டுவிட்டு. தஞ்சாவூர்க்காரன் பிள்ளைக்கு அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? என்னிடம் நீ சுத்தமாகப் பேசினாய், ஒவ்வொரு வாக்கியத்தையும் எண்ணிப் பேசினாய். அவரிடம் வாய்க்கு வந்ததைப் பேசினாய். நான் போய் என் முகத்தைக் காட்டவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ நித்யாவை விரும்புகிற விஷயமும் அவர் மூலமாகத்தான் எனக்குத் தெரியவந்தது என்பதை நீ இத்தனை நாள் அறியாமல் இருக்கலாம். அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் வந்து பக்கத்தில் நின்றார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஒண்ணியும் யோசிக்காதீங்க சார். நல்ல பொண்ணு. பதில் பேச்சு கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா மனசு தங்கம்" என்றார்.

"எந்தப் பொண்ணு?" என்றேன்.

அவர் டம்ளர் பாதி வழியில் நின்றது. "இல்ல சார், பொதுவா சொன்னேன். பொண்ணுங்க எல்லாமே நல்லவங்கதான் சார்."

நீ எங்களிடம் வந்து சொன்னது அதற்குப் பிறகுதான், அடுத்த தீபாவளிக்கு. நான் அதிர்ச்சியடைந்தவன் போல நடித்தேன், நீ தயங்கித் தயங்கிச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன். எனக்கு அந்தப் பெண்ணின் மேல் ஒரு குறையும் இல்லை. அன்று என் முகத்தில் நீ பார்த்த கோபம் அவளைப் பற்றியது அல்ல. இதை அவளிடமும் சொல்.

பத்திரிகையைப் பார்த்த அன்று அலமாரியின் மேல்தட்டில் கிடந்த பெரிய அகராதியை இறக்கினேன். எம்.ஏ. படிக்கும்போது வாங்கியது, ஒவ்வொரு சொல்லும் எந்த வேரிலிருந்து எப்படி வந்தது என்று சொல்வது. உனக்குப் பதில் எழுத எனக்கு ஓர் ஆயுதம் தேவைப்பட்டது. அங்கிள் என்பது ஆளில்லாத சொல், அந்தச் சொல்லால் இத்தனை வருஷம் கூப்பிடப்பட்ட மனிதரைத் திடீரென்று தாய்மாமன் என்று அச்சடிக்க முடியாது என்று ஆதாரத்தோடு நிறுவலாம் என்று நினைத்தேன்.

தொடக்கத்தில் எனக்குச் சாதகமாகவே இருந்தது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் அடகுக்கடைக்காரனைக் கேலியாக அங்கிள் என்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் சண்டையில் கீழே விழுந்த பையனை மேலே உட்கார்ந்திருப்பவன் "அங்கிள் என்று சொல், விடுகிறேன்" என்பானாம். சொன்னால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகப் பொருள். டச்சு அங்கிள் என்று ஒன்று இருக்கிறது, மூஞ்சிக்கு நேரே புத்தி சொல்கிறவன். அதைப் படித்தபோது அது நான்தான் என்று பட்டது. அதற்கடுத்து வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அங்கிளிலிருந்து பிறந்த பண்புச் சொல் ஒன்று உண்டு, அவங்குலர். கனிவான, சிரித்த முகமுள்ள, தோளில் கை போடுகிற என்று அர்த்தம். தகப்பனிலிருந்தும் ஒரு சொல் உண்டு, பெட்டர்னலிசம். உன் நன்மைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு அடுத்தவன் தலையில் ஏறி உட்காருவது என்று அர்த்தம். ஒரு மொழியே உட்கார்ந்து யோசித்து மாமனுக்குச் சிரிப்பையும் அப்பனுக்கு அதிகாரத்தையும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. பரவாயில்லை, அந்த மொழியிலும் எனக்கு மேலதிகாரிகள் இருக்கிறார்கள்.

கடைசியில் வேர். லத்தீனில் அவுஸ் என்றால் தாத்தா. அதைச் சிறிதாக்கிச் செல்லமாகச் சொன்னால் அவங்குலுஸ், சின்னத் தாத்தா. அந்தச் சொல் வழியாகத்தான் அங்கிள் வந்திருக்கிறது. லத்தீன்காரர்கள் அந்தச் சொல்லை யாருக்குப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? அம்மாவின் சகோதரனுக்கு மட்டும். அப்பாவின் சகோதரனுக்கு வேறு சொல். ஆங்கிலேயர்களும் பழைய காலத்தில் நம்மைப் போல இரண்டு சொற்களைத் தனித்தனியாக வைத்திருந்தவர்கள்தான். பிரெஞ்சு வழியாக அங்கிள் வந்து இரண்டையும் விழுங்கிவிட்டது. ஆக, பல் டாக்டரும் வாட்ச்மேனும் பின்னால் வந்து ஏறியவர்கள். அந்தச் சொல்லில் முதலில் உட்கார்ந்திருந்தவன் தாய்மாமன். யாரோ ஒருவராக ஆக்கிவிடுவதற்காக நான் தேடிக் கொடுத்த சொல் அவரை அதே இடத்தில் உட்கார வைத்திருக்கிறது. அங்கிள்னா மாமாதான என்று அவர் அன்றைக்கே கேட்டார். நான் அகராதியைப் பட்டென்று மூடினேன். உன் அம்மா சமையலறையிலிருந்து, "என்ன விழுந்தது?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

ஆனால் வேர் என்ன சொன்னாலும் மனம் கேட்க வேண்டுமே. நான் அதோடு விடவில்லை. இன்று காலையில் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் டெம்போவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். பத்திரிக மேட்டரா?"

"உங்களுக்கு யார் சொன்னது?"

"நைனா போன் பண்ணான். அப்பா ஒண்ணியும் சொல்லாம கீறாருன்னான்."

பார்த்தாயா? நான் பேசாமல் இருப்பதைக்கூட நீ அவரிடம்தான் சொல்கிறாய். நான் சுற்றி வளைக்கவில்லை. "ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வருவாங்க. யார் இந்த ஏகாம்பரம், எந்த வழியில மாமன்னு கேப்பாங்க. நான் வேண்டாம்னு சொன்னா அவன் தப்பா எடுத்துப்பான். நீங்களே வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றேன்.

அவர் குழாயை மூடினார். "சரி சார், சொல்ட்றேன். பேரு இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா? மொத பந்தில குந்திகினு துன்னுட்டு வந்துர்றேன்" என்றார். பிறகு சிரித்து, "எனக்கு ஒரு பொண்ணு இருந்திருந்தா, நைனாவுக்கே கட்டிக் குட்துருப்பேன். அப்ப எந்த வழியில மாமன்னு எவன் கேப்பான்? ரெண்டும் பையனா பூட்சி" என்றார்.

அவர் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது எனக்கு ஆத்திரத்தைத்தான் கொடுத்தது. பிடுங்க வந்தவன் கையில் அவராகவே எடுத்து வைத்தால் என்ன செய்வது? திரும்பிப் போக வேண்டியவன் நின்றுகொண்டிருந்தேன். எத்தனையோ வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். "உங்ககிட்ட வந்து அவன் என்னதான் பேசுவான்?"

"பாதி நேரம் உங்களத்தான் திட்டுவான் சார்."

"என்னன்னு திட்டுவான்?"

துணியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார். "அத்த சொன்னா அப்புறம் நான் இன்னா மாமன்?"

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

"ஊட்டுக்குப் போங்க சார், வெயில் ஏறுது" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் தேய்க்கக் குனிந்துவிட்டார்.

கதிர், அந்த வாசலில் நான் நின்ற நிலையை யோசித்துப் பார். உறவே வேண்டாம் என்று அப்போதுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். என்னைக் காயப்படுத்த அவர் கையில் எல்லாம் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒன்றையாவது எடுத்து வீசியிருப்பார்கள். நானாக இருந்தால் எல்லாவற்றையும் வரிசையாக, இலக்கணப் பிழையில்லாமல் வீசியிருப்பேன். அவர் உன் பேச்சை என்னிடமிருந்து காப்பாற்றினார், நான் உன் தகப்பன் என்று தெரிந்தும். பெயர் போனால் போகட்டும் என்றவர் அதை மட்டும் கொடுக்கவில்லை. தாய்மாமனுக்கு வேறு என்ன இலக்கணம் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் இந்நேரம் உனக்குப் போன் செய்து, பெயர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். கேட்காதே. அது என் பேச்சு, அவர் வாயில் நான் வைத்தது. அச்சகத்துக்கு நானே போய்ச் சொல்லிவிட்டேன், பெயர் நீ போட்ட இடத்திலேயே வருகிறது. ஊர்க்காரர்கள் எந்த வழி என்று கேட்டால் பதில் சொல்வது என் பொறுப்பு. ஒரே ஒரு திருத்தம் செய்தேன். ஆங்கிலப் பக்கத்தில் மெட்டர்னல் அங்கிள் என்று போட்டிருந்தாய். மெட்டர்னலை அடித்துவிட்டேன். அச்சகத்துப் பையன், "சார், அப்ப எந்த அங்கிள்னு தெரியாதே" என்றான். அங்கிள் என்றாலே அதுதான் பொருள் என்று அவனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை.

என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதே. மேடையில் அவர் உனக்கு மாலை போடும்போது நான் சமையல்கட்டுப் பக்கம் ஏதாவது வேலையை வைத்துக்கொள்வேன், தேடாதே. நாளை உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது நித்யாவின் தம்பியிடம் ஓடும்போது உனக்கும் நெஞ்சில் முள் தைக்கும். அப்போது பிள்ளைக்குச் சொல்லை மாற்றிக் கொடுக்காதே. அந்த வேலைக்கு எந்தச் சொல்லும் உதவாது. சீக்கிரம் வீட்டுக்கு வா, பக்கத்தில் உட்கார், உன்னைத் திட்டவும் அதற்கு இடம் கொடு. எனக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை, இருந்திருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன்.

எனக்காக ஒன்று செய். கல்யாணச் சந்தடி அடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ மட்டும் வா. அவர் வீட்டுக்குப் போகுமுன் இங்கே வா. என்னைப் பற்றி அவரிடம் சொல்லியிருப்பவற்றில் ஆகச் சிறியதாக ஒன்றைப் பார்த்து எடுத்து, அவரிடம் சொல்லும் அதே பேச்சில், எண்ணாமல், என்னிடம் சொல். எனக்கு அது போதாது. ஆனாலும் சொல்.

அப்பா